கடன் வாங்கிய பாகங்களால் உலகை வென்ற பிரெஞ்சுக் கார்: ஆல்பைன் ஏ110 உருவான வரலாறும் அதன் பொறியியலும்

உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டி 1973ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தப்பட்டபோது, தயாரிப்பாளர்களுக்கான பட்டம் ஃபோர்டு, ஃபியட் போன்ற பெரிய நிறுவனங்கள் எதற்கும் கிடைக்கவில்லை. பிரான்ஸின் வடக்குக் கடலோரத்தில், நார்மண்டிப் பகுதியின் டியெப் துறைமுக நகரில் இயங்கிய ஆல்பைன் என்ற சிறிய நிறுவனம் அதை வென்றது. பட்டத்தைப் பெற்றுத் தந்த ஏ110 என்ற நீல நிறக் கார், அப்போதே பத்தாண்டு பழைய வடிவமைப்பு. அதன் என்ஜின், கியர் பெட்டி, பிரேக் என முக்கிய உறுப்புகள் அனைத்தும் ரெனால்ட் நிறுவனத்தின் குடும்பக் கார்களில் இருந்து எடுத்துக் கொள்ளப்பட்டவை.

அதே 1973ஆம் ஆண்டில் ஆல்பைன் தனது சுதந்திரத்தையும் இழந்து ரெனால்ட்டின் கைக்குச் சென்றது. அந்த வெற்றிக்கும் இந்த இழப்புக்கும் வேர் ஒன்றுதான். தன்னிடம் இல்லாததைப் பிறரிடம் வாங்கி, அதை அவர்களைவிட வேகமாக ஓட வைப்பதே ஆல்பைனின் தொழில்முறையாக இருந்தது. கார் ஆர்வலர்களின் மதிப்பில் இன்றும் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஏ110 எப்படி உருவானது, ஏன் வென்றது, ஏன் வழிவிட்டது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

டியெப் நகரத்துக் கார் விற்பனையாளர்

ஆல்பைனை நிறுவிய ஜான் ரெடெலே 1922ஆம் ஆண்டு டியெப்பில் பிறந்தவர். அவரது தந்தையும் ரெனால்ட் கார் விற்பனையாளரே. பாரிஸில் உள்ள எச்.இ.சி. என்ற புகழ்பெற்ற வணிகக் கல்லூரியில் படித்த ரெடெலே, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 24ஆவது வயதில் சொந்த ஊரின் ரெனால்ட் விற்பனை நிலையத்தைப் பொறுப்பேற்றார். அடிப்படையில் அவர் பொறியாளர் அல்லர், வணிகர். பின்னாளில் அவர் எடுத்த தொழில்நுட்ப முடிவுகள் பலவற்றில் ஒரு வணிகரின் சிக்கனக் கணக்கு தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அப்போது ரெனால்ட் விற்றுக்கொண்டிருந்த முக்கியக் கார் 4சிவி. நான்கு கதவுகளும், பின்புறத்தில் 750 சிசிக்கு உட்பட்ட என்ஜினும் கொண்ட சிறிய கார் அது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்பனையான முதல் பிரெஞ்சுக் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. போரில் நொடிந்த நாட்டில் மக்களை வேலைக்கும் சந்தைக்கும் கொண்டுசேர்க்க உருவாக்கப்பட்ட அந்த வாகனத்தைத்தான் ரெடெலே பந்தயங்களுக்கு ஓட்டிச் சென்றார். தான் விற்கும் பொருள் உறுதியானது என்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட, பந்தயத்தைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை என்பது அவரது எண்ணம்.

இத்தாலியின் பொதுச் சாலைகளில் சுமார் 1,600 கி.மீ. தொலைவுக்கு நடைபெற்ற மில்லே மிலியா பந்தயத்தில் 1952, 1953, 1954 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவர் தனது பிரிவில் வெற்றி பெற்றார். மூன்று கியர்கள் மட்டுமே கொண்ட 4சிவி காரில் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தி ஓட்டியது அவரது உத்திகளில் ஒன்று. ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் நடக்கும் கூப் தெ ஆல்ப் போட்டியிலும் அவர் சிறப்பாக ஓட்டினார். அந்த மலைச்சாலைகளின் வளைவுகளில் கார் ஓட்டுவதில் கிடைத்த மகிழ்ச்சியின் நினைவாகவே, 1955இல் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் ஆல்பைன் என்று பெயரிட்டார். கடலோர நகரத்தில் பிறந்த நிறுவனத்துக்கு மலையின் பெயர் வந்த கதை இதுதான்.

முதல் காரான ஏ106 பிறப்பதில் ரெடெலேயின் மாமனாருக்கும் பங்கு உண்டு. பாரிஸில் பெரிய ரெனால்ட் விற்பனை நிலையத்தை நடத்திவந்த ஷார்ல் எஸ்கோஃபியே, 4சிவியின் அடித்தளத்தின் மீது கண்ணாடி இழை உடலைப் பொருத்திய சிறு காரை ஷாப் சகோதரர்களின் பட்டறையில் செய்வித்தார். அதை மேம்படுத்தி ஆல்பைன் விற்கத் தொடங்கியது. காரின் பெயரிலேயே கடன் வெளிப்படையாகத் தெரிந்தது. ரெனால்ட் தனது 4சிவி ரகம் ஒன்றுக்கு வைத்திருந்த 1062 என்ற உள்குறியீட்டில் இருந்துதான் 106 என்ற எண் வந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு எனப் பிரெஞ்சுக் கொடியின் வண்ணங்களில் மூன்று கார்கள் பாரிஸ் அருகே உள்ள ரெனால்ட்டின் பியான்கூர் தொழிற்சாலை வளாகத்தில் அணிவகுத்துக் காட்டப்பட்டன. ரெனால்ட்டின் நல்லெண்ணம் இல்லாமல் அடுத்த காரைச் செய்ய முடியாது என்பதை ரெடெலே தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

முதுகெலும்பும் கண்ணாடி இழை உடலும்

ஏ106க்குப் பின் ரெனால்ட் டோஃபின் காரின் பாகங்களுடன் ஏ108 வந்தது. ஏ110இன் உருவமும் எலும்புக்கூடும் உண்மையில் இங்கேதான் தீர்மானிக்கப்பட்டன. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த தாழ்வான, இரண்டு இருக்கை கொண்ட கூரையுடைய வடிவம் பெர்லினெட் என்று அழைக்கப்பட்டது. ரெடெலேக்கு அவர் புதியவர் அல்லர். 1953ஆம் ஆண்டிலேயே 4சிவி பாகங்கள் மீது அலுமினிய உடல் பொருத்திய ஒரு பந்தயக் காரை அவருக்காக வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி.

கார் உற்பத்தியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்து உடற்பாகங்கள் செய்வதே வழக்கம். அதற்குத் தேவையான அச்சுகளும் அழுத்த இயந்திரங்களும் பெருஞ்செலவு பிடிப்பவை. ஆண்டுக்குச் சில நூறு கார்கள் மட்டும் விற்கும் நிறுவனம் அந்தச் செலவை ஒருபோதும் மீட்க இயலாது. கண்ணாடி இழையின் கணக்கு வேறு. ஓர் அச்சுக்குள் இழைத் துணியை விரித்து, பிசினைப் பூசி, அடுக்கடுக்காகக் கையால் படிய வைத்தால் உலர்ந்ததும் உடல் தயாராகிவிடும். கூலி அதிகம், முதலீடு குறைவு. வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் அச்சை மட்டும் திருத்தினால் போதும். எடை குறைந்தது இதனால் கிடைத்த கூடுதல் பலன்.

ஆனால் கண்ணாடி இழை உடல் மட்டுமே சாலையின் முறுக்கு விசையைத் தாங்காது. எனவே காரின் நடுவே, இரண்டு இருக்கைகளுக்கும் இடையில், தடித்த எஃகுக் குழாய் ஒன்று முதுகெலும்பு போல நீளவாக்கில் செல்கிறது. அதன் முன்முனையில் முன்சக்கரங்களைத் தாங்கும் சட்டகமும், பின்முனையில் என்ஜினையும் பின்சக்கரங்களையும் தாங்கும் சட்டகமும் இணைக்கப்பட்டுள்ளன. வட்டமான குழாய் முறுக்கத்தை நன்கு தாங்கும் என்பது பொறியியலின் எளிய பாடம். சுற்றிலும் எஃகுச் சட்டம் எழுப்பாமல் ஒரே குழாயில் அந்த வலிமையைப் பெற்றதால் எடை மேலும் குறைந்தது.

1962இல் ஏ110 அறிமுகமானபோது, மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் ரெனால்ட்டின் புதிய குடும்பக் காரான ரெனால்ட் 8. அதன் 956 சிசி என்ஜினில் சுழல்தண்டை ஐந்து இடங்களில் தாங்கும் அமைப்பு இருந்தது. இதனால் அதை அதிக வேகத்தில் சுழல விட்டாலும் உடையாமல் தாங்கியது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என்பது அன்றைய சாதாரணக் குடும்பக் கார்களில் காணக் கிடைக்காத வசதி. ரெனால்ட் 8 காரில் அது இருந்தது. ரெடெலே இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

தொடக்ககால ஏ110இன் எடை சுமார் 600 கிலோ மட்டுமே. இந்தியச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய மாருதி 800 காரின் எடையைவிட இது சற்றே குறைவு. தரையில் இருந்து கூரை வரையிலான உயரம் 113 செ.மீ. உயரமான ஒருவர் அருகில் நின்றால் கூரை அவரது இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும். உள்ளே நுழைவதே ஒரு பயிற்சி. முன்சக்கரங்களின் வளைவுகள் உள்நோக்கி நீள்வதால் ஓட்டுநரின் கால்கள் காரின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சொகுசு என்ற சொல்லுக்கு இந்தக் காரில் இடமில்லை.

முதல் என்ஜினின் திறன் ஐம்பது குதிரைத்திறன் அளவில்தான் இருந்தது. பின்னர் ரெனால்ட்டின் படிக்கட்டில் ஏறிய ஒவ்வொரு முறையும் ஏ110 தானும் ஒரு படி ஏறியது. பிரெஞ்சுக்காரர்கள் மந்திரவாதி என்று செல்லமாக அழைத்த அமேதே கோர்டினி, ரெனால்ட் 8 என்ஜினை மேம்படுத்தி 1,108 சிசி, 1,255 சிசி ரகங்களை உருவாக்கினார். அவை ஆல்பைனுக்கும் வந்தன. அடுத்து ரெனால்ட் 16 காரின் 1,565 சிசி என்ஜின். அந்தக் காரில் முன்சக்கரங்களை இயக்கிய அலுமினிய என்ஜினைக் கொண்டுவந்து ஏ110இன் வாலில் பொருத்தியதில் பிறந்ததுதான் 1600 எஸ். இதன் உச்ச வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டியது. பந்தயத்துக்கான 1973ஆம் ஆண்டுக் கார்களில் என்ஜின் 1,800 சிசி அளவுக்குப் பெருக்கப்பட்டு, திறன் சுமார் 170 குதிரைத்திறனை எட்டியது. முதல் காரோடு ஒப்பிட்டால் திறன் மூன்று மடங்கு. எடையோ அந்த அளவுக்குக் கூடவில்லை.

வாலில் என்ஜின்: வரமும் அச்சமும்

ஏ110இன் குணம் முழுவதையும் தீர்மானித்தது என்ஜின் இருந்த இடம். அது பின்சக்கரங்களின் அச்சுக்கும் பின்னால், காரின் வாலில் தொங்கியது. இந்தியாவில் டாடா நானோ காரில் என்ஜின் பின்புறம் இருந்ததைப் பலர் அறிவர். ரெனால்ட் 4சிவி, டோஃபின், ரெனால்ட் 8 ஆகிய மூன்றும் அத்தகைய கார்களே என்பதால் ரெடெலேக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

இதனால் கிடைத்த முதல் நன்மை, பிடிப்பு. காரைத் தள்ளுபவை பின்சக்கரங்கள். என்ஜினின் முழு எடையும் அவற்றின் மீது அழுந்துவதால் பனியிலும் சரளையிலும் அவை வழுக்கிச் சுழலாமல் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஏற்றத்தில் எடை மேலும் பின்னோக்கிச் சாய்வதால் பிடிப்பு இன்னும் கூடும். முன்புறம் என்ஜின் வைத்துப் பின்சக்கரங்களை இயக்கும் கார்கள் மலைப்பாதைப் பனியில் திணறும்போது, ஏ110 சீராக ஏறிச் சென்றது இதனால்தான்.

வளைவில் நிலைமை தலைகீழ். முன்புறம் லேசானது, பின்புறம் கனமானது. வேகமாகத் திரும்பும்போது கனமான வால் வெளிநோக்கி வீசப்படும். கயிற்றின் முனையில் கட்டிய கல்லைச் சுழற்றுவதைப் போன்றது இது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், எடை முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடிப்பு தளர்ந்து, கார் முழுவதும் சுழன்றுவிடும். ஆபத்தான நேரத்தில் மனிதனின் இயல்பான எதிர்வினையே இங்கு விபத்துக்குக் காரணமாகிறது.

பின்சக்கரங்களைப் பிணைத்த விதம் இதை இன்னும் சிக்கலாக்கியது. ஸ்விங் ஆக்சில் என்ற அந்த அமைப்பில், சக்கரத்தை இயக்கும் தண்டு கியர் பெட்டியின் அருகே மட்டும் மடங்கும். சக்கரத்தின் பக்கத்தில் மடங்காது. காரின் பின்புறம் மேலே எழும்பினால் சக்கரமும் தண்டோடு சேர்ந்து சாய்ந்துவிடும். கடுமையான வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடிவது போலாகி, டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். செலவு குறைவு என்பதற்காக அந்தக் காலச் சிறு கார்கள் பல இந்த அமைப்பையே பயன்படுத்தின.

ஆல்பைன் கண்ட தீர்வு எளிமையானது. காரின் பின்புறத்தை நன்கு தாழ்த்தி, சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு முன்கூட்டியே அமைத்துவிட்டனர். கார் வளைவில் எழும்பினாலும் சாய்ந்திருந்த சக்கரம் நிமிருமே தவிர, அதற்கு மேல் எதிர்ப்பக்கம் மடியாது. பின்னால் இருந்து பார்ப்பவருக்கு ஏ110, கால்களை அகட்டி மண்ணில் ஊன்றி நிற்கும் மல்யுத்த வீரரைப் போலத் தோன்றுவது இதனால்தான். அழகுக்காகச் செய்யப்பட்டது எனப் பலர் எண்ணும் அந்தத் தோற்றம், உண்மையில் ஒரு குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு. 1973க்குப் பின் வந்த கடைசி ரகங்களில்தான் இந்த அமைப்பு கைவிடப்பட்டு, ஏ310 காரின் நவீனமான பின்சக்கர அமைப்பு பொருத்தப்பட்டது.

தேர்ந்த ஓட்டுநர்களின் கையில் அந்த ஆபத்தான வாலே ஆயுதமானது. வளைவு வருவதற்கு முன்பே காரின் வாலை வேண்டுமென்றே வீசவிட்டு, காரின் மூக்கை வளைவின் வெளிவாயிலை நோக்கித் திருப்பி, பின்னர் முழு வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் காரைப் பாதையில் இழுத்து நிறுத்தும். மலைச்சாலையில் நூற்றுக்கணக்கான வளைவுகளில், இரவில், பனியில், இதைப் பிழையின்றிச் செய்ய வேண்டும். நேர்ச்சாலையில் ஏ110ஐ முந்தக்கூடிய கார்கள் பல இருந்தன. குறுகிய, வளைந்த, வழுக்கும் சாலையில் அவை மிகக் குறைவு.

நான்கு மஸ்கட்டீர்கள்

1960களின் இறுதியில் ரெனால்ட் தனது பந்தயப் பணிகளை ஆல்பைனிடம் ஒப்படைத்தது. ஜாக் ஷெனீஸ் பந்தயப் பிரிவை வழிநடத்தினார். ஜான்-லூக் தேரியே, ஜான்-குளோட் ஆன்றுயே, ஜான்-பியேர் நிக்கோலா, பெர்னார் தர்னீஷ் ஆகிய ஓட்டுநர்களை பிரெஞ்சுப் பத்திரிகைகள் மஸ்கட்டீர்கள் என்று அழைத்தன. இவர்களுடன் ஸ்வீடனைச் சேர்ந்த ஓவ் ஆண்டர்சனும் இணைந்தார். பிற்காலத்தில் டொயோட்டாவின் ஐரோப்பியப் பந்தய அணியை உருவாக்கியவர் இவரே.

1971ஆம் ஆண்டு மான்டி கார்லோ ராலியில் முதல் இரண்டு இடங்களை ஆண்டர்சனும் தேரியேவும் பிடித்தனர். மூன்றாம் இடத்தை ஆன்றுயேவும் போர்ஷே ஓட்டுநர் பியோர்ன் வால்டெகார்டும் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டில் சான்ரெமோ, ஆஸ்திரிய ஆல்ப்ஸ், அக்ரோபோலிஸ் ராலிகளையும் ஆண்டர்சன் வென்றார். உலக சாம்பியன்ஷிப்புக்கு முன்னோடியாக இருந்த சர்வதேசத் தயாரிப்பாளர் பட்டம் அந்த ஆண்டு ஆல்பைனுக்குக் கிடைத்தது.

1973 ஜனவரியில் நடந்த மான்டி கார்லோ ராலிதான் உலக ராலி சாம்பியன்ஷிப் வரலாற்றின் முதல் போட்டி. பூர்சே என்ற பகுதியில் பனியால் சாலை அடைபட்டு, பல போட்டியாளர்கள் வெளியேற்றப்பட்டதும் அவர்கள் சாலை மறியலில் இறங்கியதும் அந்த ராலியின் தனிக்கதை. கடைசி இரவில் டயர் பஞ்சராகி முதலிடத்தை இழந்த ஆன்றுயே, விரட்டிச் சென்று தன் சக அணி வீரர் ஆண்டர்சனை அரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் முந்தி வென்றார். மூன்றாமிடம் நிக்கோலாவுக்கு. நான்காவதாக ஒரு ஃபோர்டு நுழைந்தது. ஐந்தும் ஆறும் மீண்டும் ஆல்பைன் கார்கள். ஆன்றுயேயின் அருகில் அமர்ந்து வழிகாட்டியவர் பீஷ் என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட மிஷேல் பெத்தி. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டியிலேயே வெற்றி பெற்ற இணையில் ஒருவர் பெண் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த ஆண்டின் 13 போட்டிகளில் ஆறை ஆல்பைன் வென்றது. போர்ச்சுகல், அக்ரோபோலிஸ், சான்ரெமோ ஆகிய மூன்றும் தேரியேவுக்கு. மொராக்கோ தர்னீஷுக்கு. கோர்சிகாத் தீவில் நடந்த இறுதிப் போட்டியை நிக்கோலா வென்றார். அங்கே முதல் மூன்று இடங்களும் ஆல்பைனுக்கே. கண்ணாடி இழை உடலைப் பார்த்து, இது கற்கள் நிறைந்த மொராக்கோவையும் கிரேக்கத்தையும் தாங்குமா என ஐயப்பட்டவர்களுக்கு அந்த இரு வெற்றிகளும் பதிலாயின. ஆல்பைனுக்கு எட்டாத களங்களும் இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியை அந்த ஆண்டு டாட்சன் 240இசட் காரில் வென்றவர், உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி ஓட்டுநர் ஷேகர் மேத்தா.

ஓட்டுநர்களுக்கு அப்போது உலகப் பட்டம் கிடையாது. இருந்திருந்தால், மூன்று வெற்றிகள் பெற்ற தேரியேவின் பெயர் இன்று இன்னும் பரவலாக அறியப்பட்டிருக்கும்.

பட்டம் வென்ற ஆண்டில் கைமாறிய நிறுவனம்

வெற்றி ஆல்பைனின் கணக்குப் புத்தகத்தை நிமிர்த்தவில்லை. கையால் செய்யப்படும் கார், எண்ணிக்கை குறைவு. டியெப்பில் பதினைந்து ஆண்டுகளில் தயாரான ஏ110 கார்கள் மொத்தமாகப் பத்தாயிரத்தை எட்டவில்லை. உரிமம் பெற்று வெளிநாடுகளில் செய்வது கூடுதல் வருவாய்க்கு ஒரு வழியாக இருந்தது. பிரேசிலில் ஏ108, வில்லிஸ் இன்டர்லாகோஸ் என்ற பெயரில் உருவானது. மெக்சிகோவில் ஏ110 தினால்பின் ஆனது. ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் ஓர் ஆலை இயங்கியது. கம்யூனிச ஆட்சியில் இருந்த பல்கேரியாவில்கூட 1960களின் இறுதியில் பல்கரால்பின் என்ற பெயரில் சிறு எண்ணிக்கையில் ஏ110 தயாரிக்கப்பட்டது. பெரிய அழுத்த இயந்திரங்கள் தேவைப்படாத கண்ணாடி இழை உடல்தான் இதைச் சாத்தியமாக்கியது.

1971இல் ஏ310 என்ற பெரிய, விலை உயர்ந்த காரை அறிமுகப்படுத்திய ஆல்பைனுக்கு முதலீடு தேவைப்பட்டது. 1973இல் பெரும்பான்மைப் பங்குகள் ரெனால்ட்டுக்குச் சென்றன. என்ஜின் ரெனால்ட்டுடையது, விற்பனை நிலையங்கள் ரெனால்ட்டுடையவை, பந்தயச் செலவின் பெரும்பகுதி ரெனால்ட்டுடையது என்ற நிலையில், உரிமையும் அங்கே சென்றது இயல்பான முடிவாகவே தோன்றுகிறது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடி வெடித்து, வேகமான கார்களுக்கான சந்தை சுருங்கியது. 1974ஆம் ஆண்டின் மான்டி கார்லோ ராலியே நடைபெறவில்லை. 1970களின் இறுதியில் ரெடெலே தான் உருவாக்கிய நிறுவனத்தை விட்டு முழுமையாக விலகினார்.

களத்திலும் காலம் மாறியிருந்தது. 1974இல் வந்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ், ராலிக்காகவே தொடக்கம் முதல் வடிவமைக்கப்பட்ட கார். அதன் ஃபெராரி வி6 என்ஜின், இருக்கைகளுக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலும் அமைந்திருந்தது. எடை காரின் நடுவில் குவிந்ததால், ஏ110இல் சக்கரங்களைச் சாய்த்துச் சமாளித்த சிக்கல் அங்கே எழவே இல்லை. 1974 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் லான்சியாவுக்குச் சென்றது. குடும்பக் காரின் பாகங்களைச் சேர்த்து உலகப் பட்டம் வெல்லும் காலம் ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. ஏ110இன் உற்பத்தி 1977இல் நிறுத்தப்பட்டது.

இருப்பினும் அந்தக் காரில் செய்த ஒரு சோதனை நெடுந்தூரம் சென்றது. 1972ஆம் ஆண்டு பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் நடந்த ராலியில் டர்போசார்ஜர் பொருத்திய ஏ110ஐ ஓட்டி தேரியே வென்றார். வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு என்ஜினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் கருவி அது. அந்தப் பணியில் ஈடுபட்ட பொறியாளர் பெர்னார் டூடோ, பின்னர் ரெனால்ட்டின் ஃபார்முலா 1 டர்போ என்ஜினை உருவாக்கினார். 1977இல் சில்வர்ஸ்டோன் களத்தில் இறங்கிய ரெனால்ட், ஃபார்முலா 1இன் முதல் டர்போ கார் ஆனது. அடுத்த ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ரெனால்ட் ஆல்பைன் ஏ442பி வெற்றி பெற்றது.

டியெப் ஆலையில் இன்று

ஆல்பைன் பெயரில் கார்கள் வெளிவருவது 1995இல் நின்றது. ஆலை மட்டும் மூடப்படவில்லை. ரெனால்ட்டின் சிறப்பு ரகக் கார்கள் அங்கே தயாராயின. ரெடெலே 2007இல் 85ஆவது வயதில் காலமானார். தனது காரின் மறுபிறப்பை அவர் பார்க்கவில்லை. 2017இல் ஏ110 என்ற அதே பெயரில் புதிய கார் வெளியானபோது, நான்கு முன்விளக்குகளும் முன்மூடியின் நடுக்கோடும் பழைய காரை நினைவூட்டின. எலும்புக்கூடு மட்டும் வேறு. உடலும் சட்டகமும் அலுமினியம். எடை சுமார் 1,100 கிலோ. 252 குதிரைத்திறன் கொண்ட டர்போ என்ஜின் பின் அச்சுக்கு முன்னால் வைக்கப்பட்டது. பழைய வடிவத்தைப் போற்றிய வடிவமைப்பாளர்கள், தொங்கும் வாலை மட்டும் மீண்டும் கொண்டுவரத் துணியவில்லை.

2021 முதல் ரெனால்ட்டின் ஃபார்முலா 1 அணி ஆல்பைன் என்ற பெயரில் களமிறங்கியதால், இந்தியாவின் இளம் ரசிகர்களில் பலருக்கு இந்தப் பெயர் அந்த வழியாகவே அறிமுகமாகியிருக்கும். நிறுவனம் தற்போது மின்சாரக் கார்களுக்கு மாறி வருகிறது. 2024இல் வந்த ஏ290, ரெனால்ட் 5 மின்சாரக் காரின் அடித்தளத்தின் மீது உருவானது. பாகங்களைக் கடன் வாங்கும் பழக்கம் 70 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது. 2025இல் அறிமுகமான ஏ390 என்ற மின்சாரக் கார், ரெடெலேயின் பெயர் சூட்டப்பட்ட டியெப் ஆலையிலேயே தயாராகிறது. பேட்டரியுடன் அதன் எடை இரண்டு டன்னுக்கும் மேல். 1962இல் அதே ஊரில் உருவான ஏ110 கார்கள் மூன்றைச் சேர்த்து எடைபோட்டாலும் அந்த அளவை எட்டாது.